பவளத் தொட்டியில் ஒரு கை

காலை ஏழு ஐந்து.

மலையாள எல்லையோரக் கொல்லங்கோடு ஸ்டேஷனில் போன் அலறியது!

சப் இன்ஸ்பெக்டர் எப்சிபா வாயில் பாதி இட்லியோடு எடுத்தாள். உடும்பஞ்சோலை ஏலக்காய் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். வயது முப்பத்தொன்று. டிபன் முடியும் முன்னால் யார் செத்தாலும் அவளுக்குப் பிடிக்காது.

"மேடம்... வேலந்தாவளம் ஃபிரோஸ் பேசறனுங்க. மீன் கடை வச்சிருக்கறனே..."

"மத்தியா, அயிலையா?"

"வளக்கற மீனுங்க மேடம்! இங்க மாந்தோப்பு பூபதிராஜா ஊட்ல இருக்கறனுங்க. தொட்டி கழுவ வந்தனுங்க. அவரு... செத்துக் கெடக்கறாருங்க! தம்பிக்காரரு போஸ்ட்மார்ட்டமெல்லாம் வேண்டாம், பத்து மணிக்குள்ள எரிச்சுப் போடலாம்னு நிக்கறாரு. ஆனா உள்ளங்கைல கருகின மாதிரி ஒரு புண்ணு இருக்குதுங்க..."

எப்சிபா இட்லியை விழுங்கினாள்.

"அங்கயே நில்லுங்க. எதையும் தொடாதீக!"

ஜீப் புறப்பட்டது. ஸ்டியரிங்கில் ஹெட் கான்ஸ்டபிள் பிச்சைமணி. காக்கிச் சட்டை போடுவதற்கு முன்னால் எட்டு வருஷம் வயரிங் வேலை பார்த்தவர். இன்னமும் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் டெஸ்டர் இருக்கும்.

"பூபதிராஜாவைத் தெரியுமுங்களா மேடம்?"

"தெரியாம இருக்க அவரு யாரை விட்டாரு?"

உண்மைதான். முந்தின வருஷம் ஆசாமி வெள்ளைக் குதிரை வாங்கினார். ஏறத் தெரியாது. பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். குதிரை தோளைக் கடித்தது. குதிரை போனது.

அப்புறம்தான் கடல் வந்தது.

ஹால் நடுவில் எட்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே நீல வெளிச்சம். மான் கொம்பு போலக் கிளைவிட்ட பவளங்கள். நிஜக் கடலுக்குப் போக மூன்று மணி நேரமாகும் ஊரில், சோபாவுக்கு எதிரே ஒரு துண்டுக் கடல்!

அதன் காலடியில் பூபதிராஜா.

பனியன், வேட்டி, ஈரத் தரை, வெறுங்கால். வாய் பிளந்திருந்தது. வலது உள்ளங்கையில் பழுப்பாய் ஒரு பொத்தல்.

"அட்டாக்குங்க மேடம்!" தம்பி ஈஸ்வரன் முன்னால் வந்தான். நெற்றியில் அதற்குள் திருநீறு. "எங்கப்பாவும் இப்படித்தான் பொசுக்குன்னு போனாரு."

"உங்கப்பாவும் மீன் தொட்டிக்குள்ள கையை விட்டாரா?"

எப்சிபா குனிந்து உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இது கரண்ட் புண்ணு" என்றாள் எப்சிபா.

"கரண்டுங்களா? அப்பறம் எப்படிங்க மீனெல்லாம் உசுரோட நீஞ்சுது? தண்ணில கரண்ட் இருந்தா மொதல்ல மீனில்லீங்க சாகோணும்?"

கேள்வி நியாயமாக இருந்தது. எப்சிபா ஃபிரோஸைப் பார்த்தாள். நாற்பது வயது, ஒல்லி உடம்பு, கையில் தொட்டி கழுவும் வாளி.

"மீன் சாகாதுங்க மேடம். கரண்ட் கம்பி மேல காக்கா உக்கார்றதில்லீங்களா, அது மாதிரித்தான். கரண்ட் பூமிக்கு எறங்க வழி வேணுமுங்க. வெறுங்காலோட ஈரத்துல நின்னு ஒரு ஆளு கையை விட்டா... அந்த ஆளுதான் வழி!"

"பிச்சைமணி... தொட்டிக்குப் பின்னாடி பாருங்க!"

பிச்சைமணி தவழ்ந்து போனார்.

தொட்டிக்குள் ஐந்து மீன்கள். பச்சை உடம்பு, ஆரஞ்சுப் புள்ளி, ஊசி மூக்கு. நான்கு சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் அடியில், பம்ப் வாய்க்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது.

"இது என்ன தின்னும் ஃபிரோஸ்?"



"ப... பவளந்தாங்க மேடம். ஃபைல் ஃபிஷ்ஷும்பாங்க. பவளத்தைத் தவிர வேற எதையும் வாயில வெக்காது. வளக்க வேண்டாமுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டனுங்க. யாருகிட்டயும் இல்லாத மீன் வேணும்னாரு."

"பவளத் தோட்டத்துல பவளம் தின்னுற மீனு! பாலுக்குப் பூனைய காவல் வச்ச கதைதான். எத்தனை நாளா இருக்கு?"

"பதினோரு மாசமுங்க."

எப்சிபா கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்தாள். பவளம் ஒவ்வொன்றும் நேற்றுப் பூத்தது மாதிரி முழுசாக இருந்தது. மீன்களோ... கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் போலக் கொழுத்திருந்தன!

அவள் நிமிர்ந்தாள்.

"ஈஸ்வரன்... அஞ்சு மாடு பதினோரு மாசம் மேஞ்ச காடு, ஒரு புல்லு குறையாம இருந்தா என்ன அர்த்தம்?"

"தெ... தெரியலீங்க."

"யாரோ வெளியேருந்து புல்லு கொண்டாந்து போடுறாகன்னு அர்த்தம்! வர்றப்ப கொல்லைப்பக்கம் ரெண்டு பால் கேன் பாத்தேன். உங்க வீட்டுல மாடு ஏது?"

ஈஸ்வரனின் திருநீறு வேர்வையில் கரைந்தது.

"சந்தை நாள்ல வேலந்தாவளத்துக்கு மாட்டு லாரி வருது. லாரில மாட்டோட மாடா பால் கேன் வருது. கேன்ல உப்புத்தண்ணி. உப்புத்தண்ணில பவளம். சரியா? யானைக்கும் புலிக்கும் என்ன சட்டமோ, அதே சட்டம்தான் பவளத்துக்கும். புலியை வெட்டிப் பூனைக்குப் போட்டிருக்காரு உங்கண்ணன்!"

"மேடம்... அண்ணன் சொன்னாரு... நான் வண்டி மட்டும்..."

"அதுக்குத்தான் போஸ்ட்மார்ட்டம் வேணாம்னீகளோ?"

அப்போது தொட்டிக்குப் பின்னாலிருந்து பிச்சைமணியின் குரல்.

"மேடம்! இது கொலைங்க!"

பிச்சைமணி தலையை வெளியே நீட்டினார்.

"பம்புக்குப் போற வயரைச் சீவி, தண்ணிக்குள்ள விட்டிருக்குதுங்க. கரண்ட் கசிஞ்சா டப்புன்னு விழற டிரிப்பர் இருக்குது பாருங்க, அதையும் சுத்திக் கம்பி போட்டு ஊமையாக்கி வச்சிருக்காங்க. வேலை படு மட்டம். ஆனா வேணும்னே பண்ணுனதுங்க!"

"சுவிட்ச்?"

"ஆஃப்ல இருக்குதுங்க மேடம்!"

எப்சிபா திரும்பினாள்.

"யாரு ஆஃப் பண்ணுனது?"

"நான் இல்லீங்க" என்றான் ஈஸ்வரன். "சத்தங் கேட்டுத் தோப்புல இருந்து ஓடியாந்தேன். அவ்வளவுதான்."

"நான் வர்றப்பவே பம்பு ஓடலைங்க" என்றான் ஃபிரோஸ்.

மூலையில் நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பூபதிராஜாவின் மனைவி செல்வலட்சுமி. நாற்பது வயதிருக்கும். அழவில்லை. அழப்போகிறவள் மாதிரியும் தெரியவில்லை.

"நானும் தொடலைங்க" என்றாள்.

"பொய்யி!" ஈஸ்வரன் பாய்ந்தான். "கொன்னுபோட்டு அணைச்சவ இவதானுங்க மேடம்! ஊட்டுக்குள்ள வேற யாரு இருந்தா? அண்ணனைக் கண்டாலே இவளுக்கு ஆகாது. பாருங்க... ஃபாரஸ்ட் ரேஞ்ச் ஆபீசருக்கு இவ எழுதின பராதிக் கடுதாசி! முந்தாநேத்து அண்ணன் கைல சிக்குச்சு!"

மடித்த தாளை நீட்டினான்.

எப்சிபா படித்தாள். பவளம் எங்கிருந்து, எந்த நாளில், எந்தக் கேனில் வருகிறது என்று முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. அண்ணன் பெயர் மூன்று இடத்தில். தம்பி பெயர் ஏழு இடத்தில்!

"இதை நீங்களே கொண்டாந்து குடுத்ததுக்கு ரொம்ப நன்றி ஈஸ்வரன். என் வேலை பாதி மிச்சம்."

ஈஸ்வரனுக்கு அப்போதுதான் உறைத்தது. தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான். கிடைக்கவில்லை.

எப்சிபா நாற்காலியை இழுத்துப் போட்டு செல்வலட்சுமிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏன் எழுதுனீக?"

செல்வலட்சுமி தொட்டியைப் பார்த்தாள்.

"கல்லுன்னுதான் நெனச்சேனுங்க மேடம். ஒரு நாள் சாயங்காலம் லைட்டைக் கொறச்சப்ப பார்த்தேன். ஒவ்வொரு முனையிலயும் சின்னச் சின்ன வாயி. பூ மாதிரி விரியுது. அத்தனையும் உசுருங்க. இந்த மீனு வந்து ஒவ்வொரு வாயாக் கொத்தித் தின்னுது. அவரு பக்கத்துல நின்னு கை தட்டறாரு. வாரா வாரம் புதுசா கொண்டாந்து போடறாரு. என்னால பார்க்க முடியலைங்க."

"காலைல என்ன நடந்துச்சு?"

"நேத்து சாயங்காலம் கிட்ட வந்து உக்காந்தாருங்க. 'லட்சுமி, கோவமெல்லாம் விடு. நாளைக்குக் காலைல ஆறரைக்கு நீயே உன்ற கையால தீனி போடு'ன்னாரு. தொட்டிப் பக்கமே என்னைய விட மாட்டாருங்க அவரு. நேத்துத்தான் அவ்வளவு பிரியமா..." அவள் நிறுத்தினாள். "ராத்திரி பூரா சந்தோசமாத்தான் இருந்தனுங்க, மேடம். பொய் சொல்லலை."

"போட்டீகளா?"

"கிண்ணத்துல ஒரு கிளை வச்சிருந்தாரு. எடுத்தேன். அது உசுரோட இருந்துச்சு. என்ற கையால அதைக் கொல்ல மனசு வரலைங்க. கிண்ணத்தை அப்படியே வச்சுப்போட்டு தோசை ஊத்தப் போயிட்டேன். அவரு மாடில கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு கீழ பார்த்துட்டு நின்னாரு. கொஞ்ச நேரத்துல 'ஐயோ, என்ற ராணி'ன்னு ஒரு கத்து..."

"ராணி யாரு?"

"அந்தா, சாஞ்சு கெடக்குதே, அந்த மீனுங்க. அதுக்குப் பேரு வச்சிருந்தாரு. என்னைய 'ஏய்'ம்பாரு."

"ம்... அப்புறம்?"

"தடதடன்னு எறங்கி ஓடியாந்தாரு. டக்குன்னு ஒரு சத்தம். பம்பு நின்னுச்சு. அதுக்கப்பறந்தான் தொப்புன்னு விழுந்தாருங்க."

"கதை!" ஈஸ்வரன் கத்தினான். "நல்லா சோடிச்சுக் கதை சொல்றா! சுவிட்சு ஆஃப் ஆன பொறகு எப்படிங்க மேடம் ஷாக் அடிக்கும்? மொதல்ல அண்ணன் செத்தாரு, பொறகு இவ அணைச்சா. பச்சப் புள்ளைக்குத் தெரியும்!"

எப்சிபா யோசித்தாள். ஈஸ்வரன் அற்பப் பதர்தான். ஆனால் பதர் சொன்ன கணக்கு சரியாக இருந்தது. சுவிட்சை அணைத்தால் கரண்ட் நிற்கும். கரண்ட் நின்றால் ஆள் சாக மாட்டான். அப்படியானால் இந்தப் பெண் பொய் சொல்கிறாள்.

மனசில்லாமல் எழுந்தாள்.

"செல்வலட்சுமி... ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும்."

"வர்றனுங்க" என்றாள் அவள், சந்தைக்குப் போய்வரச் சொன்னது மாதிரி.

அந்த நேரத்தில்தான் ஃபிரோஸ் பதறினான்.

"அடடா! ராணி இன்னும் சாகலைங்க! பம்பு வாயில சிக்கி வாலு கிழிஞ்சிருக்குது. இருங்க, எடுத்துடறேன்..."

செருப்பை உதறினான். சட்டைக் கையை மடித்தான். ஈரத் தரையில் காலை வைத்தான். தண்ணீரை நோக்கிக் கையை இறக்கினான்...

"ஏ!!!"

பிச்சைமணியின் அலறல் ஓட்டைப் பிய்த்தது!

எப்சிபா ஒரே பாய்ச்சலில் ஃபிரோஸின் காலரைப் பிடித்து இழுத்தாள். இருவரும் சோபாவில் போய் விழுந்தார்கள். தண்ணீருக்கும் அவன் விரலுக்கும் இருந்த தூரம்... ஒரு நகக்கண்!

பிச்சைமணி தொட்டிக்கு மறுபக்கம் நின்றிருந்தார். அவர் டெஸ்டரின் முனை தண்ணீருக்குள் இருந்தது.

டெஸ்டர் எரிந்தது.

சிவப்பாக. சந்தோஷமாக.

"சுவிட்சு ஆஃப்லதான இருக்கு?" எப்சிபாவுக்கு மூச்சு வாங்கியது.

"ஆஃப்தானுங்க! ஆனா சுவிட்சைக் கரண்ட் வர்ற லைன்ல குடுக்காம, திரும்பிப் போற நியூட்ரல்ல குடுத்திருக்குதுங்க, மேடம். அணைச்சா பம்பு நிக்கும். தண்ணில கரண்ட் அப்படியே நிக்கும்! லைனையும் நியூட்ரலையும் மாத்திக் குடுத்திருக்கான். எந்த முட்டாப்பய பண்ணுன வேலையோ!"

ஓடிப்போய் மெயினை இறக்கினார். நீல வெளிச்சம் அணைந்தது.

ஃபிரோஸ் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு மட்டும் அசைந்தது. ஓதிக்கொண்டிருந்தான்.

எப்சிபா மெல்லத் திரும்பினாள். அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு. நல்ல சிரிப்பு இல்லை.

"ஃபிரோஸ்... நிதானமா சொல்லுங்க. பூபதிராஜா தினமும் கைய விடுறப்ப சுவிட்சை அணைப்பாரா?"

"இ... இல்லவே இல்லீங்க. பம்பு ஒரு நிமிசம் நின்னாலும் பவளத்துக்கு ஆகாதுன்னு என்கிட்டயே சண்டைக்கு வருவாரு. ஒரு நாளும் அணைச்சதில்லீங்க."

"பதினோரு மாசமா அணைக்காத மனுசன், இன்னைக்கு மட்டும் ஓடியாந்து அணைச்சிருக்காரு. ஏன்?"

எப்சிபா சுவிட்சைச் சுட்டிக் காட்டினாள்.

"தண்ணில கரண்ட் இருக்குன்னு அவருக்குத் தெரியும்! எப்படித் தெரியும்? விட்டதே அவருதான்! எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டா சாட்சி ஆகிப்போகும். அதனால தானே உக்காந்து வயரைச் சீவியிருக்காரு. பராதி கைல சிக்குனது முந்தாநேத்து. பிரியமா பேசுனது நேத்து. 'உன்ற கையால தீனி போடு.' மாடில நின்னு எதுக்குக் காத்துக்கிட்டிருந்தாரு, செல்வலட்சுமி? மீனு திங்குறதைப் பாக்கவா?"

செல்வலட்சுமி மாடிக் கைப்பிடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க போடலை. வேளைக்குப் புதுக் கிளை தின்னு பழகுன மீனு அங்கயும் இங்கயும் அலைஞ்சு பம்புல சிக்கிருச்சு. பொண்டாட்டி சாகுறதைப் பாக்க நின்னவருக்கு மீனு சாகுறதைப் பாக்க மனசு வரலை! ஓடியாந்தாரு. தன் கையால போட்ட சுவிட்சைத் தானே நம்பி அணைச்சாரு. கைய விட்டாரு. முடிஞ்சுது. இருவது ஏக்கர் தோப்பு வச்சிருந்தவருக்கு லைன் எது, நியூட்ரல் எதுன்னு தெரியலை!"

"பொறுங்க மேடம்!" ஈஸ்வரன் கையை உயர்த்தினான். "கத்தினாரு, ஓடியாந்தாரு, டக்குன்னு சத்தம் கேட்டுச்சு... எல்லாம் இவ சொல்றதுதானுங்க? ஏன், இவளே வயரைச் சீவியிருக்கக் கூடாதா? செத்துப் போனவரு மேல பழி போடறீங்களே... ஆதாரம் எங்கீங்க?"



ஆதாரம் எப்சிபாவிடம் இல்லை. கோர்ட்டில் இந்த அற்பன் கேட்கும் அதே கேள்வியை ஒரு வக்கீல் கேட்பான். கோட்டு போட்டுக்கொண்டு கேட்பான்.

வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம்.

"அண்ணா! பூபதிராஜாண்ணா! ஒம்போது மணின்னீங்க, கால் மணி முன்னாலயே கொண்டாந்துட்டேன்!"

தோளில் நீளமான சுருளோடு ஒருவன் உள்ளே வந்தான். முப்பத்தைந்து வயது. கடைவீதியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் ஜுனைத். போலீஸைப் பார்த்தான். சோக முகங்களைப் பார்த்தான். தானும் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டான்.

"முடிஞ்சுருச்சுங்களா? அக்கா ரொம்ப நல்ல மனுசிங்க. போன நோம்புக்குக் கூட மாம்பழம் குடுத்து விட்டாங்க..."

கண்ணைத் துடைத்துக்கொண்டே நாற்காலிப் பக்கம் திரும்பினான்.

செல்வலட்சுமி அவனைப் பார்த்தாள்.

"யா அல்லாஹ்!!!"

சுருள் கையிலிருந்து நழுவியது. கட்டு அவிழ்ந்தது. எட்டடி நீளத்துக்கு ஹால் தரையில் உருண்டு விரிந்தது.

கண்ணீர் அஞ்சலி!

அதற்குக் கீழே மலையாளத்தில் ஆதராஞ்சலிகள். நடுவில் பட்டுப்புடவையில் சிரிக்கும் செல்வலட்சுமி. மறைவு என்ற இடத்தில் இன்றைய தேதி. ஓரமாய்க் கண்ணீர் விடும் ரோஜாப்பூ. அடியில் கொட்டை எழுத்தில்...

'என் பவளமே! எங்கே போனாய்?'



"யாரு சொல்லி அடிச்சீக?" எப்சிபாவின் குரல் தாழ்ந்திருந்தது.

"பூபதிராஜாண்ணனுங்க!" ஜுனைத் சுவரோடு ஒட்டி நின்றான். "நேத்து மத்தியானம் அவரே கடைக்கு வந்தாரு. அக்கா கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரில இருக்காங்க, டாக்டரு கைவிரிச்சுட்டாரு, விடியக்காலை தாண்டாதுன்னு அழுதாரு. நல்லாப் பெருசா போடச் சொன்னாரு. கவிதை அவரே எழுதினதுங்க!"

செல்வலட்சுமி எழுந்து வந்தாள். தரையில் கிடந்த தன் முகத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"இந்தப் போட்டோ போன மாசம் எடுத்ததுங்க" என்றாள். "ஊட்டுக்குக் கேமராக்காரரைக் கூட்டிட்டு வந்தாரு. 'நல்லா சிரி லட்சுமி, நாலு பேரு பார்க்கோணும்'ன்னாரு."

போன மாதம். பராதி அவர் கையில் சிக்குவதற்கு முன்னாலேயே!



 செல்வலட்சுமி எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

"ஏனுங்க ஏட்டய்யா... பம்பு நின்னு ரெண்டு மணி நேரமாச்சு. அந்த வயரைச் சரி பண்ணிப் போட முடியுமுங்களா? உள்ள இருக்கறது பாவம், செத்துப் போயிருமுங்க."

"தடயம் எல்லாம் போட்டோ எடுத்ததும் பண்ணித் தர்றனுங்கம்மா. லைன் எது, நியூட்ரல் எதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் பிச்சைமணி.

"ஃபாரஸ்ட்காரக வந்து பவளத்தை எடுத்துக்குவாக" என்றாள் எப்சிபா. "மீனை என்ன பண்றது ஃபிரோஸ்?"

"வேற தீனிக்குப் பழக்கிப் பார்க்கறனுங்க. பசிச்சா பழகும். பழகலைன்னா..."

"பழகட்டும். ஈஸ்வரனும் இனிமே வேற சாப்பாட்டுக்குப் பழகணும்ல! ஏறுங்க ஜீப்புல. அந்த ரெண்டு பால் கேனையும் நீங்களே தூக்கிக்கங்க."

ஈஸ்வரன் கேன்களோடு படியிறங்கினான். பூபதிராஜாவை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஜுனைத் மட்டும் எட்டடி ஃப்ளெக்ஸைச் சுருட்டுவதா, விரிப்பதா என்று தெரியாமல் நடு ஹாலில் நின்றான்.

"மேடம்... இதை நான் என்ன பண்றதுங்க?"

எப்சிபா வாசலில் நின்று திரும்பினாள். தொப்பியைச் சரி செய்தாள்.

"போட்டோவையும் பேரையும் மட்டும் மாத்திக் கொண்டாங்க. தேதி... அவரு கரெக்டாத்தான் சொல்லியிருக்காரு!"